குருவா தீவு, வயநாடு: கூடலூர்ல இருந்து போய்ட்டு வந்தோம்

இத்தன வருஷமா கூடலூர்லயே இருந்தும் குருவா பக்கம் போனதில்ல, போன மாசம்தான் அம்மா, தம்பி குடும்பம் எல்லாரையும் கூட்டிகிட்டு பாட்டவயல், பத்தேரி, புல்பள்ளி வழியா பாக்கம் கேட்டுக்கு போனோம். மானந்தவாடி சைடுல பால்வெளிச்சம்னு இன்னொரு வழி இருக்கு, நமக்கு பாக்கம்தான் கிட்ட.

தயவுசெஞ்சு காலைலயே போயிடுங்க. 2024 பிப்ரவரில அங்க வேலை பாத்த ஒருத்தர யானை தாக்கி இறந்துட்டாரு, அதோட தீவ மூடி, அக்டோபர்ல தொறந்தப்ப ஒரு நாளைக்கு 400 பேர்தான்னு வச்சாங்க. நாங்க வெளிய வரும்போது ஒரு வேன் நெறய ஆளுங்க டிக்கெட் கிடைக்காம நிக்கிறாங்க, கொழந்தைங்க மொகத்த பாக்கவே பாவமா இருந்துச்சு. ஆனாலும் இந்தக் கணக்கு சரிதான், கூட்டம் இல்லாததாலதான் உள்ள அந்த அமைதியே கெடைக்குது.

மூங்கில் தெப்பத்துல ஏத்தி, குறுக்க கட்டின கயித்த இழுத்து இழுத்தே அக்கரைல விடுறாங்க. அம்மா ஏறவே பயந்தாங்க, கயிறு இழுக்குற சேட்டன் கைய நீட்டி "பேடிக்கண்ட அம்மே"ன்னாரு (பயப்படாதீங்கம்மான்னு மலையாளத்துல), அவ்ளோதான், ஏறி நடுவுல உக்காந்துட்டாங்க. சுமார் 950 ஏக்கர் காடு, ஒரு வீடு கெடையாது. ஒரே தீவுன்னு நெனச்சுட்டு போனேன், ஆனா ஆறு பிரிஞ்சு பிரிஞ்சு ஓடி துண்டு துண்டா நெறய திட்டு. மூங்கில் ஒண்ணோடொண்ணு ஒரசுற சத்தம், வேர் எல்லாம் வெளிய தெரியுற பெரிய மரங்க, கால வச்சா சில்லுனு தண்ணி. அம்மா ரொம்ப நேரம் தண்ணியவே பாத்துட்டு இருந்தாங்க. இது கபினிம்மா, கேரளாவோட 44 ஆத்துல கிழக்க ஓடுற மூணுல ஒண்ணு, கர்நாடகா போய் காவிரில சேந்து நம்ம மேட்டூருக்குத்தான் வருதுன்னேன். உடனே ரெண்டு கையாலயும் அள்ளி மொகத்துல தெளிச்சுகிட்டாங்க.

குறைனா டாய்லெட்தான், சுத்தமே இல்ல, பொம்பளைங்க ரொம்ப கஷ்டப்பட்டாங்க. உள்ள சாப்பாடும் கெடையாது, வெளியவே சாப்ட்டுட்டு போங்க. முட்டி வலி இருக்கவங்க மெதுவா நடக்கலாம், ஆனா கல்லு வழுக்கும், செருப்பு நல்ல பிடிப்பா போட்டுக்கோங்க. மழைக்காலத்துல மூடிடுவாங்க, கெளம்புறதுக்கு முன்னாடி தொறந்திருக்கான்னு கேட்டுக்கோங்க. நாங்க ஜனவரில பால்வெளிச்சம் பக்கமா இன்னொரு தடவ போறோம், அம்மாவே கேட்டாங்க.