‘உங்கள் கார் லேட்டஸ்ட் வெர்ஷனில் உள்ளது’: இரண்டரை வருட அடாஸ் அனுபவம்

என் மின்சாரக் கார் வீட்டுக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. ஓடோமீட்டர் 41,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. தாம்பரத்தில் வீடு, திருச்சியில் மாமனார் வீடு. மாதம் ஒரு முறையாவது ஜி.எஸ்.டி. சாலையில் போய் வருகிறவன் என்பதால் அடாஸை, அதாவது கேமரா, ரேடார் வைத்துத் தானாக பிரேக் பிடிப்பது, லேனில் நிறுத்துவது போன்ற ஓட்டுநர் உதவி வசதிகளை, ஓரளவு பிழிந்தே எடுத்திருக்கிறேன். ரேஞ்ச், சார்ஜிங் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, காரை வாங்கிய பிறகு இந்த அடாஸுக்கு அப்டேட் எப்படி வருகிறது, வந்தால் கார் என்ன ஆகிறது என்பதைப் பற்றி. கம்பெனி பெயர் வேண்டாம். வேறு கம்பெனி கார் வைத்திருக்கும் நண்பர்களும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

வாங்கிய மூன்றாவது மாதம் முதல் அப்டேட் வந்தது. ராத்திரி இன்ஸ்டால் செய்து, காலையில் பார்த்தால் ஸ்கிரீனில் ஐகான்கள் மாறியிருந்தன, ஏசி பட்டன் இடம் பெயர்ந்திருந்தது. ‘உங்கள் கார் லேட்டஸ்ட் வெர்ஷனில் உள்ளது’ என்று ஒரு பச்சை டிக். சரி, முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலும் கொஞ்சம் தேறியிருக்கும் என்று நம்பி ஹைவேயில் ஏறினேன். ஒரு மாற்றமும் இல்லை. முன்னால் லாரி குறுக்கே வந்தால் பழையபடி கடைசி நேரத்தில்தான் பிரேக் பிடித்தது.

அந்தப் பச்சை டிக் ஸ்கிரீனுக்கு மட்டும் உரியது என்பது புரிய எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. காருக்குள் ஒரே கம்ப்யூட்டர் இல்லை. ஸ்கிரீனுக்குப் பின்னால் ஒன்று. அதில்தான் இ-சிம் இருக்கிறது, இணையத்தோடு பேசுவது அதுதான். கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவுக்கும் முன் பம்பரில் உள்ள ரேடாருக்கும் தனித்தனியாக மென்பொருள் உண்டு. இவை போதாதென்று மேப் தனி. மூன்றுக்கும் மூன்று காலண்டர். என் காரில் ஸ்கிரீனுக்கு ஐந்தாறு மாதத்துக்கு ஒரு முறை அப்டேட் வருகிறது. கேமராவும் ரேடாரும் சர்வீஸ் சென்டரில் ஒயர் சொருகினால்தான் மாறும். அவற்றின் வெர்ஷன் எண் எந்த மெனுவிலும் தெரியாது, சர்வீஸ்காரரின் ஸ்கேனரில் மட்டும் தெரியும்.

எல்லாக் கார்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். டெஸ்லா 2012-ல் மாடல் எஸ் வந்த காலத்திலிருந்தே அப்டேட்டுகளைக் காற்று வழியாக (ஓ.டி.ஏ.), அதாவது ஒயர் இல்லாமல் இணையம் மூலம் அனுப்புகிறது. 2023 டிசம்பரில் ஆட்டோபைலட் (டெஸ்லாவின் ஓட்டுநர் உதவி வசதி) விஷயமாக அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் கார்களுக்கு ‘ரீகால்’ அறிவித்தார்கள். திருத்தம் போனது ஓ.டி.ஏ. வழியாகத்தான். பல கார்களில் இது சுலபமில்லாததற்கு ஒரு காரணம் வயரிங். காருக்குள் கம்ப்யூட்டர்களை இணைக்கும் பழைய கேன் (CAN) இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 1 மெகாபிட்தான் போகும். பெரிய ஃபைலை அந்தச் சந்துக்குள் தள்ளி, ஒவ்வொரு கம்ப்யூட்டராக எழுதி, கம்பெனி அனுப்பியதுதானா என்று டிஜிட்டல் கையொப்பம் சரிபார்த்து முடிக்க வேண்டும். பாதியில் நின்றால் பழையதற்குத் திரும்ப அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரில் இன்னொரு பிரதி வைக்க இடம் இருக்க வேண்டும்.

பாதியில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் தரைக்குக் கீழே. இ-சிம்முக்கு சிக்னல் கிடையாது. போன் ஹாட்ஸ்பாட் போட்டு டவுன்லோடு செய்து, இன்ஸ்டாலும் கொடுத்தேன். இந்த நேரத்தில் காருக்கு உயிர் கொடுப்பது சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி இல்லை, பழைய கார்களில் இருக்கும் அதே 12 வோல்ட் பேட்டரிதான். பத்து நாள் வெளியூர் போயிருந்ததில் அது சோர்ந்து கிடந்தது போல. ஸ்கிரீன் இருண்டு, முக்கால் மணி நேரம் கார் கல்லாக நின்றது. அப்புறம் தானாகவே பழைய வெர்ஷனோடு எழுந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

தெய்வம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு அப்டேட் முடிந்த அடுத்த வாரம் ‘முன் ரேடார் மறைக்கப்பட்டுள்ளது’ என்று எச்சரிக்கை. க்ரூஸ் வேலை செய்யவில்லை. அப்டேட்டைத் திட்டிக்கொண்டே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பையன் சிரித்துக்கொண்டே ஈரத்துணி எடுத்து வந்தான். ஆயுத பூஜைக்கு நாங்கள் பட்டையாகப் பூசிய சந்தனம், முன் லோகோ மேல் காய்ந்து கிடந்தது. என் காரில் ரேடார் அந்த லோகோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் பொட்டு பானெட்டுக்கு மட்டும்.

உண்மையான மாற்றம் 20,000 கிலோமீட்டர் சர்வீஸில் வந்தது, அதுவும் சொல்லாமல். பில்லில் ‘சாஃப்ட்வேர் அப்டேட்’ என்று ஒரு வரி, தொகை பூஜ்யம். எது மாறியது என்று கேட்டதற்கு, “எல்லாம் லேட்டஸ்ட்தான் சார், பயப்படாம ஓட்டுங்க” என்றார் அட்வைசர். அடுத்த திருச்சிப் பயணத்தில்தான் தெரிந்தது. குறுக்கே வரும் லாரியை இப்போது முன்கூட்டியே பார்த்து மெதுவாகிறது, அருமை. ஆனால் இடது ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் பைக்குகளுக்கும் பயப்படுகிறது. விக்கிரவாண்டி டோலைத் தாண்டி 90-ல் போகும்போது சடாரென்று ஒரு பிரேக். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார், “என்ன மாப்ள, முன்னாடி யாருமே இல்லையே?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அதைவிட மோசமானது, நான் அணைத்து வைத்திருந்த லேன் கீப் அசிஸ்ட் (லேன் கோட்டைத் தாண்டாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பும் வசதி) ஃபேக்டரி செட்டிங்குக்குத் திரும்பியிருந்தது. மேல்மருவத்தூர் அருகே குழியைத் தவிர்க்க இண்டிகேட்டர் போடாமல் கொஞ்சம் விலகினேன். ஸ்டீயரிங் என் கையை எதிர்த்து உள்ளே இழுத்தது. பெரிய விசை இல்லை, ஆனால் எதிர்பார்க்காதபோது அது போதும், நெஞ்சு ஒரு முறை நின்று ஓடுகிறது. இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய கார் ஒரே மதியத்தில் வேறு சுபாவத்தோடு திரும்பி வந்தது. யாரும் ஒரு துண்டுச் சீட்டில்கூட அதை எழுதித் தரவில்லை. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, வாகன மென்பொருள் அப்டேட்டுக்கான ஐ.நா.வின் ஆர்156 விதி, காற்று வழி அப்டேட்டின் நோக்கத்தையும் மாற்றங்களையும் உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. ஒயர் வழியே மாற்றினாலும் அந்த மரியாதையை நமக்குத் தரலாம்.

மேப் விஷயம் இன்னும் வேடிக்கை. என் காரில் வேக வரம்பைக் காட்டுவது கேமரா படிக்கும் பலகையும் மேப்பும் சேர்ந்து. வளைவு வருகிறது என்று க்ரூஸ் தானாக வேகத்தைக் குறைப்பதும் மேப்பை வைத்துத்தான். ஆனால் நம்மில் எத்தனை பேர் காரின் சொந்த மேப்பைத் திறக்கிறோம்? எல்லோரும் போனைச் சொருகி கூகுள் மேப்ஸில் போகிறோம். போனுக்குத் தெரிந்தது என் காரின் அடாஸுக்குத் தெரியாது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. அதற்கப்புறம் வெகுநாள் வரை என் காரின் மேப்பில் அந்த இடம் காலி மனைதான். சர்வீஸ் ரோட்டுக்கான 40 பலகையைக் கேமரா படித்துவிட்டு, மெயின் ரோட்டில் போகும் என்னைப் பார்த்து டிங் டிங் என்று அடிக்கும். மேப் சரியாக இருந்தால், எந்த ரோட்டில் போகிறோம் என்று பார்த்து அந்தப் பலகையை ஒதுக்க வாய்ப்பு இருக்கிறது. பழைய மேப்பால் அது முடியாது.

மேப்புக்கு நம் நாட்டில் ஒரு கூடுதல் சுற்று உண்டு. 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, 1 மீட்டருக்கும் நுட்பமான வரைபடத் தரவை இந்திய நிறுவனங்கள் மட்டுமே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம்; வெளிநாட்டுக் கம்பெனிகள் அவர்களிடம் உரிமம் வாங்க வேண்டும். அதனால் கார்க் கம்பெனிக்கும் மேப் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் எவ்வளவு காலம், யார் காசு கொடுப்பது என்பதெல்லாம் நம் டாஷ்போர்டு வரை வருகிறது. என் காரில் இணைப்புச் சேவை 3 வருடம் இலவசம். இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது. அப்புறம் மேப் வருமா என்று மூன்று முறை கேட்டாகிவிட்டது, மூன்று வேறு பதில்கள்.

இவ்வளவு சொன்னாலும் அடாஸை அணைத்துப் போடும் எண்ணம் இல்லை. செங்கல்பட்டைத் தாண்டியதும் க்ரூஸ் போட்டுவிட்டு ஓட்டினால் திருச்சி போய்ச் சேரும்போது கால் வலிப்பதில்லை. அப்டேட்டால் வரும் தொல்லைகளைக் குறித்துக்கொள்ள டாஷ்போர்டு டிராயரில் ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருக்கிறேன்: அப்டேட் தேதி, அதற்கு முன் இருந்த செட்டிங், பின் கண்ட மாற்றம். சர்வீஸ் சென்டரில் கேமரா, ரேடார் வெர்ஷன் எண்களை ஸ்கேனர் திரையிலிருந்து போட்டோ எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை விநோதமாகப் பார்த்தார்கள், இப்போது அவர்களே காட்டுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை முதல் ஸ்கிரீனில் இன்னொரு அப்டேட் காத்திருக்கிறது. ‘செயல்திறன் மேம்பாடுகள்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. சனிக்கிழமை திருச்சி போக வேண்டும். திரும்பி வந்து, காரை மேலே வெயிலில் நிறுத்தித்தான் அதை அழுத்துவேன்.