கெட்டிக்கார துப்பறிவாளரா, சொதப்பல் மன்னரா?

1934இல் வந்த ‘தி தின் மேன்’ படத்தில் துப்பறிவாளர் நிக் (வில்லியம் பவல்) கில்லாடி. கிறிஸ்துமஸ் காலையில் சோபாவில் படுத்தபடி, மரத்தில் தொங்கும் பலூன்களைக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருப்பார். மனைவி நோரா (மிர்னா லாய்) புது ஃபர் கோட்டோடு அருகில் இருப்பார். கடைசியில் சந்தேகத்துக்குரிய எல்லோரையும் விருந்துக்கு அழைத்து, போலீஸ்காரர்களை சர்வர் வேடத்தில் நிறுத்துவார். ஓயாமல் கேலி பேசினாலும் வழக்கைக் கோட்டை விடமாட்டார்.

1964இல் வந்த ‘எ ஷாட் இன் தி டார்க்’ நேரெதிர். பீட்டர் செல்லர்ஸ் நடித்த போலீஸ் இன்ஸ்பெக்டர் குளூசோ, காரிலிருந்து இறங்கியதும் நீரூற்றுத் தொட்டியில் விழுவார். அப்புறம் பில்லியர்ட்ஸ் மேசைத் துணியைக் கிழிப்பார். கொலையாளி யார் என்ற கேள்வியே நமக்கு மறந்துபோகும்.

வயிறு வலிக்கச் சிரிக்க குளூசோ. மர்மமும் வேண்டுமென்றால், என் ஓட்டு நிக், நோராவுக்கு. அவர்களுடைய நாய்க்குட்டி ஆஸ்டாவுக்காகவும்தான்.