கரும்புச் சக்கை நானோசெல்லுலோஸ்: உரிமம் கொடுப்பதா, கம்பெனி தொடங்குவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆய்வு செய்யும் ஒருவர் கரும்புச் சக்கையிலிருந்து செல்லுலோஸ் நானோபடிகம் (தாவர நாரில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத நுண்படிகம்; நானோசெல்லுலோஸில் ஒரு வகை) எடுத்து, பிளாஸ்டிக்கில் கலந்தால் வலு கூடுகிறது என்று காட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கேட்டால் “அடுத்தவனுக்கு ஏன் கொடுக்கணும், நீயே கம்பெனி போடு” என்பார்கள். இந்தப் பொருளைப் பொறுத்தவரை, ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு உரிமம் கொடுப்பதே மேல் என்பது எங்கள் கணிப்பு.

எந்த வழி போனாலும் முதல் படி ஒன்றுதான். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு என்றால், தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு 51-ஆம் எண் சட்டப்படி கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். கம்பெனி தொடங்குகிறவரும் அங்கேதான் உரிமம் கேட்டு நிற்க வேண்டும். கண்டுபிடிப்பை இனங்கண்ட 90 நாளுக்குள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்பே நூலகத்துக்குப் போன ஆய்வேடும் மாநாட்டில் ஒட்டிய போஸ்டரும் காப்புரிமையைக் கெடுத்துவிடும். தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசம் கிடைக்கும்.

உரிமம் கொடுத்தால், பல்கலைக்கழகத்துக்கு வரும் முதல் பத்து லட்சம் ராண்டில் (தென்னாப்பிரிக்க நாணயம்) குறைந்தது 20 சதவீதமும், அதற்கு மேல் நிகர வருவாயில் குறைந்தது 30 சதவீதமும் கண்டுபிடித்தவர்களுக்குச் சேரும். ஒரே ஆபத்து, வாங்கிய ஆலை அதைக் கிடப்பில் போட்டுவிடலாம். ஆண்டுக் குறைந்தபட்சத் தொகை, இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ என்ற கெடு, தவறினால் உரிமம் திரும்பும் என்ற பிரிவு இவை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

கம்பெனி தொடங்குகிறவருக்குச் சிக்கல் வேதியியலிலேயே காத்திருக்கிறது. ஆய்வக முறை எளிது: சக்கையிலிருந்து எடுத்த ஒரு கிராம் வெளுத்த நார்க்கூழுக்குச் சுமார் 9 மில்லி 64 சதவீதக் கந்தக அமிலம், 45 டிகிரி, 45 நிமிடம், பிறகு பத்து மடங்கு குளிர்நீர். இதையே ஒரு கிலோவுக்குச் செய்தால் 9 லிட்டர் அமிலமும் 90 லிட்டர் தண்ணீரும் வேண்டும். 30 சதவீத விளைச்சல் என்றால் கையில் வருவது 300 கிராம். அமிலத்தைச் சுண்ணாம்பால் முறித்தால் சேரும் ஜிப்சமோ 15 கிலோ! அதைக் கொட்ட இடம் வேண்டும், அனுமதி வேண்டும்.

பெரிய தொட்டியில் சூடு ஒரே சீராக இருக்காது. நடுவில் ஏறினால் செல்லுலோஸ் சர்க்கரையாகக் கரைந்து கரைசல் பழுப்பாகும். ஆய்வகத்தில் செய்வதுபோல் டயாலிசிஸ் பையில் (அமிலத்தை வெளியேவிடும் சவ்வுப் பை) நாள்கணக்கில் கழுவுவது கிலோ அளவில் நடக்காது, சவ்வு வடிகட்டி வாங்க வேண்டும். காஸ்டிக் சோடா போட்டு அமிலத்தன்மையைச் சரிசெய்யாத தூள், பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் எக்ஸ்ட்ரூடரில் 180 டிகிரி தாண்டும்போது கருகும். உலர்த்தியபின் கட்டிபிடித்த தூளை மீண்டும் பிரிப்பதும் பெரும்பாடு.

சக்கை இலவசம் என்று திட்ட அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்துச் சர்க்கரை ஆலைகள் அதைக் கொதிகலனில் எரிக்கின்றன. ஆகவே அதற்குப் பதில் எரிக்கும் நிலக்கரியின் விலைதான் சக்கையின் விலை. அதில் பாதி ஈரம், குவித்து வைத்தால் அழுகும். அரைவைப் பருவமோ ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பர் வாக்கில் முடிந்துவிடும்.

எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. கேப் டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்த ஹைபிளாட், எரிபொருள் கலத்துக்கான (ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி) பிளாட்டின வினையூக்கி சார்ந்த பாகங்களைச் செய்கிறது. அங்கே சரக்கு கொஞ்சம், மதிப்பு அதிகம், நுணுக்கம் செய்கிறவர் கையில். கிராம் கணக்கில் விற்பதற்குக் கம்பெனி, டன் கணக்கில் விற்பதற்கு உரிமம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. டர்பனில் தென்னாப்பிரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் உயிர்ச்சுத்திகரிப்பு மையம் (தாவரக் கழிவிலிருந்து பயனுள்ள பொருள் எடுக்கும் இடம்) போன்ற இடத்தில் ஒரு கிலோக் கூழை மூன்று முறை, மூன்று வெவ்வேறு மாதச் சக்கையிலிருந்து எடுத்து ஓட்டிப் பாருங்கள். படிக நீளமும், அமிலத்திலிருந்து படிகத்தில் ஒட்டிய சல்பேட் அளவும் மூன்றிலும் ஒத்துவராவிட்டால் ஆலைக்காரரும் வாங்கமாட்டார், முதலீட்டாளரும் பணம் போடமாட்டார்.