33வது ஒழுங்கையில் எங்கள் ஊர்த் தூண்கள்

கொழும்பில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து ஒரு நாள் மிச்சமிருந்தது. மனைவி செட்டியார் தெருவுக்கு நகை பார்க்கப் போனாள். நான் கொள்ளுப்பிட்டிப் பக்கம் கிளம்பினேன், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த ‘நம்பர் 11’ வீட்டைப் பார்க்க. நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட முடியாது, முன்பதிவு வேண்டும். ஊரிலிருந்தே பதிந்து வைத்திருந்தேன்.

ஆட்டோக்காரர் இரண்டு தடவை பாதை தவறி, அந்தச் சுற்றுக்கும் சேர்த்துக் காசு கேட்டார். சரி, போகட்டும். 33வது ஒழுங்கை என்பது நம் பேச்சில் முட்டுச்சந்து. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இவ்வளவு இருக்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நுழைந்ததும் கார் நிற்கும் இடம். அதில் பாவாவின் 1934 ரோல்ஸ் ராய்ஸ். உடன் வந்தவர்கள் அங்கேயே கால் மணி நேரம் நின்றுவிட்டார்கள். எனக்குக் கார் பைத்தியம் கிடையாது.

எனக்குப் பிடித்தது அந்த வீடு வளர்ந்த கதைதான். முதலில் இது ஒரு வீடே இல்லை. வரிசையாக நாலு சின்ன வீடுகள், நாலு குடித்தனம். வக்கீலாக இருந்து, முப்பத்தெட்டு வயதுக்குப் பிறகு கட்டடக் கலைஞராகத் தொழிலைத் தொடங்கிய பாவா, 1950களின் கடைசியில் அதில் மூன்றாவதற்குக் குடிவந்தார். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, பேருக்கு ஓர் அடுப்படி, வேலையாளுக்கு ஓர் அறை, அவ்வளவுதான். அப்புறம் நாலாவது காலியானது, அதையும் சேர்த்துக்கொண்டார். பத்து வருஷத்துக்குள் மற்ற இரண்டும் கைக்கு வந்துவிட்டன. தெருமுனையில் இருந்த முதல் வீட்டை மட்டும் இடித்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைக் கோபுரம் மாதிரி மாடி மேல் மாடியாக எழுப்பினார். மற்றவற்றில் சுவரைத் திறந்து, சில இடங்களில் கூரையை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி ஆக்கிவிட்டார்.

செட்டிநாட்டுக்காரனுக்கு இது தலைகீழ்க் கணக்கு. எங்கள் ஊரில் வீடு முதலிலேயே பெரிசு. முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் உள்வீடு; வேறு வைத்த பிறகு, அதாவது தனிக்குடித்தனம் ஆக்கிய பிறகு, உலையும் தனி. பூட்டனார் கட்டிய வீட்டில் நான் பிறந்தபோது பதினாறு புள்ளி பங்கு; கல்யாணமான ஒரு குடும்பம் எங்கள் கணக்கில் ஒரு புள்ளி. அதற்கு முன்பே, 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததோடு கொண்டுவிற்ற பணம், அதாவது அங்கே வட்டித் தொழிலில் போட்டிருந்தது எல்லாம் போயிருந்தது. ஓடு மாற்றக்கூட பதினாறு பேர் சம்மதம் வேண்டும். ஓடு மாற்றச் சம்மதிக்காதவர்கள் விற்பதற்குச் சம்மதித்தார்கள். நான் எட்டாவது படிக்கும்போது வளவுத் தூண்கள் லாரியில் ஏறின. அப்பத்தா அன்று முகப்புப் பக்கமே வரவில்லை.

நம்பர் 11இன் நீண்ட வெள்ளை நடையில் நடந்து போனால், மேலே திறந்த சின்னச் சின்ன முற்றங்களிலிருந்து வெளிச்சம் விழுகிறது. ஒரு முற்றத்தை ஒட்டி இரண்டு தூண்கள். வழிகாட்டி சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. செட்டிநாட்டுத் தூண்கள்தான். எங்களுடையவை இல்லை, எங்களுடையவை மொத்தமாக ஒரு கேரள வியாபாரிக்குப் போனவை. கணக்கு தெரிந்தும் குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். எங்கள் தூண் ஒன்றில் சித்தப்பா பிள்ளைகள் உயரம் அளந்து ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன.

இடித்த வீட்டுச் சாமானை வாங்கிப் புதுக்கட்டடத்தில் நட்டுவிட்டால் பெரும்பாலும் ஓட்டல் வரவேற்பறை மாதிரி ஆகிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் சாமான் வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. தூணைக் காட்சிக்கு வைக்கவில்லை, நிற்க வைத்திருக்கிறார். அதன் மேல் வெயில் விழுகிறது, மழைச்சாரல் படுகிறது. மதுரை கிளப்பும் இவர் கட்டியதுதான். அங்கேயும் பழைய கட்டடச் சாமான்களை இதே கையோடு சேர்த்திருக்கிறார்.

குறை சொல்வதென்றால் ஒன்று உண்டு, என் கண்ணுக்கு மட்டும். சுவரும் வெள்ளை, தரையும் வெள்ளை. ஆத்தங்குடிக் கல்லில், அந்த வண்ணப் பூத்தரையில், தவழ்ந்து வளர்ந்தவனுக்குக் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் தீட்டிய கதவைக் கண்டபோதுதான் மூச்சு வந்தது. கோபுரத்தில் ஏற முழங்கால் நன்றாக இருக்க வேண்டும். மொட்டை மாடியைத் தவறவிடாதீர்கள், கீழே அவ்வளவு அடக்கமாக இருந்த வீடு அங்கே ஊரையே பார்க்கிறது.

பாவா 2003இல் இறந்தார். இப்போது அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை வீட்டைப் பார்த்துக்கொள்கிறது. மாடிப் பகுதியில் தங்கவும் இடம் தருகிறார்கள். நான் தங்கவில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வீடு கட்டப்போகிறவர்கள் இருந்தால் கையோடு கூட்டிப் போங்கள், அரை கிரவுண்டில் முற்றம் வராது என்று சொல்கிற கொத்தனார் உட்பட.

கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓரமாக ஒதுங்க, நான் தூண் பக்கத்தில் நின்றேன். எங்கள் வளவில் என்றால் அப்பத்தா இந்நேரம் நாலு மூலைக்கும் அண்டாவை இழுத்து வைக்கச் சொல்லிக் கத்தியிருப்பார்.