நட்சத்திர வீரரைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கில் தோற்றுச் சரிந்துகொண்டிருக்கும் அணிக்கு இரண்டே வழி. நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு அவரைச் சுற்றி அணி கட்டலாம். இல்லையேல் அவரை வேறு அணிக்கு டிரேட் செய்து இளம் வீரர்களையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் (புதுமுகங்களை முறைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை) வாங்கலாம். வைத்துக்கொண்டால் டிக்கெட் விற்கும், கொடுத்தால் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பில் இடம் கிடைக்கும். இது தெரிந்த கதை. என் ஓட்டு கொடுப்பதற்கே. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு முழு சீசனாவது மிச்சமிருக்க வேண்டும்.

விலையை நிர்ணயிப்பது அந்த மிச்சக் காலம்தான். வாங்கும் அணிக்கு அவரோடு இரண்டு பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்கான சுற்றுகள்) கிடைக்குமென்றால் முதல் சுற்று டிராஃப்டையும் தேறிய இளைஞரையும் சேர்த்துத் தரும். சில மாதமே மிச்சமென்றால் வாடகை விலைதான். அதோடு வீரரின் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது என்ற ஷரத்தும் இருந்தால் ஏலமே நடக்காது. 2023 பிப்ரவரியில் சிகாகோவின் நட்சத்திரம் பேட்ரிக் கேன் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குத்தான் போவேன் என்று நின்றார். அவர் சம்பளத்தில் பாதியைத் தானே ஏற்றுக்கொண்டும் சிகாகோவுக்குக் கிடைத்ததில் உருப்படியானது நிபந்தனையோடு ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்பு மட்டுமே.

நேர்மாறான உதாரணம் கொலராடோவின் மேட் டூஷேன். 2016-17இல் கொலராடோ 48 புள்ளிகளோடு கடைசி இடம். பொது மேலாளர் ஜோ சாக்கிக் அந்தக் கோடையில் அவசரப்படவில்லை. டூஷேன் ஒப்பந்தம் 2019 வரை இருந்ததால் காத்திருக்க முடிந்தது. நவம்பரில் புரூக்ளினில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே டூஷேனை வெளியே அழைத்தார்கள். அவர் ஒட்டாவாவுக்குப் போன மூன்று அணி டிரேட்டில் கொலராடோவுக்கு வந்தவர்களில் கமெனெவும் பவர்ஸும் நிலைக்கவில்லை. தடுப்பாட்டக்காரர் ஜிரார்ட் நிலைத்தார். ஒட்டாவாவின் முதல் சுற்று வாய்ப்புதான் பெரிய லாபம். 2018இல் அது முதல் பத்துக்குள் வந்தால் ஒட்டாவா வைத்துக்கொண்டு 2019க்குரியதைத் தரலாம் என்பது நிபந்தனை. ஒட்டாவா அதை வைத்துக்கொண்டு பிரேடி கச்சக்கை எடுத்தது. அடுத்த ஆண்டும் சரிந்தது. அதனால் 2019இல் கைக்கு வந்த 4ஆவது இடத்தில் கொலராடோ போவன் பைரமை எடுத்தது. ஜிரார்டும் பைரமும் 2022இல் என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற கொலராடோ அணியில் இருந்தார்கள்.

2018இல் ஒரு சீசன் மிச்சமிருக்கும்போது எரிக் கார்ல்சனைக் கொடுத்த ஒட்டாவாவுக்கு ஜாஷ் நாரிஸும், பின்னால் டிம் ஸ்டூட்ஸ்லே ஆன டிராஃப்ட் வாய்ப்பும் வந்தன.

வைத்துக்கொள்வதும் பலிக்கும். ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் 2016இல் ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை திறக்க இரண்டு நாள் இருக்கும்போது தன் அணியான டாம்பாவிலேயே மறுபடி கையெழுத்திட்டார். 2020, 2021 கோப்பைகள் வந்தன. ஆனால் டாம்பா ஏற்கெனவே பலமான அணி. 2018இல் டவாரஸும் 2022இல் காட்ரோவும் ஒப்பந்தம் முடிந்து கிளம்பியபோது ஐலண்டர்ஸுக்கும் கால்கரிக்கும் ஈடாக ஒன்றுமே மிஞ்சவில்லை.

அடிபட்ட நட்சத்திரம் என்றால் எனக்கு இந்த அளவுக்கு உறுதியில்லை. ஜாக் ஐக்கலுக்கு ஒப்பந்தம் பல ஆண்டு மிச்சமிருந்தும், கழுத்து அறுவைச் சிகிச்சைத் தகராறு அவரைக் கொடுத்த பஃபலோவின் பேர பலத்தைக் குறைத்தது. அவரை வாங்கிய வேகாஸ் 2023 கோப்பையை வென்றது. ஆனாலும் பதிலுக்குப் பஃபலோவுக்கு வந்த அலெக்ஸ் டக் அதே சீசனில் 36 கோல் அடித்தார்.