மெர்ஸூகா மணலில் இரண்டு இரவு

மொராக்கோ பாலைவனத்தில் கூடாரத்தில் தங்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரே ஒரு இரவுக்காகப் போகாதீர்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். அதையும் மராகேஷ் நகரத்துத் தரகரிடம் வாங்காமல், மணலோரத்துக் கிராமத்தில் இருப்பவர்களிடமே பேசி முடிவு செய்யுங்கள்.

நான்கு வருடத்துக்கு முன்பு இதற்கு நேர்மாறாகச் செய்து ஏமாந்தேன். மராகேஷ் கடைத்தெருவில் ஓர் ஏஜென்சியில் 'மூன்று நாள் பாலைவனப் பயணம்' வாங்கினேன். அங்கிருந்து மணலோரத்துக் கிராமமான மெர்ஸூகா சுமார் 560 கிலோமீட்டர். நடுவே 2,260 மீட்டர் உயரத்தில் திஸி ந் திஷ்கா கணவாய் வேறு. பெரும்பொழுது வேனிலேயே போய்விட்டது. இருட்டியபின் ஒட்டகத்தில் ஏற்றினார்கள், விடியுமுன் எழுப்பிக் கிளப்பினார்கள். ஒட்டகத்தை நடத்திவந்த பையனின் முகத்தைக்கூட நான் வெளிச்சத்தில் பார்க்கவில்லை. அது இத்தனை நாளும் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் சென்ற நவம்பரில் மனைவியையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். தேதியைக் காலண்டரில் அமாவாசை பார்த்துக் குறித்தோம். நிலா இருந்தால் மணல் அழகுதான், ஆனால் நட்சத்திரம் பாதி மறைந்துபோகும்.

நாங்கள் தங்கியது மெர்ஸூகாவை ஒட்டிய ஹாஸிலபியத் கிராமத்து அண்ணன் தம்பி இருவர் நடத்தும் முகாம். வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர் மக்களில் ஒரு பிரிவான அய்த் கப்பாஷ் இனத்தவர். பெர்பர் என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை அமாஸிக் என்றே சொல்கிறார்கள். அவர்கள் மொழி தமாஸிக்த் 2011 அரசியல் சட்டத்தில்தான் அரபுக்குப் பக்கத்தில் ஆட்சிமொழியானது. தண்ணீருக்கு 'அமான்', ரொட்டிக்கு 'அக்ரூம்', நன்றிக்கு 'தன்மிர்த்'. இந்த மூன்று சொல்லை வைத்தே என் மனைவி அந்த வீட்டுப் பெண்களோடு ஒரு மாலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பாரிஸில் இருபது வருடமாக இருப்பதால் எனக்குப் பிரெஞ்சு கைகொடுத்தது.

முன்பதிவுக்கு முன் வாட்ஸப்பில் நான் கேட்டது: எத்தனை கூடாரம், யார் சமைப்பது, மணலில் ஓட்டும் நாலு சக்கர குவாட் பைக் சத்தம் உண்டா. ஆறு கூடாரம், சமைப்பது தம்பி என்று பதில் வந்தது. மூன்றாவதற்கு, "சனி, ஞாயிறு கேட்கும். வேறு நாளில் வாருங்கள்" என்றார் அண்ணன். வருகிற ஆளை இழக்கவும் துணிந்து உண்மையைச் சொன்னாரே, அந்த ஒரு வரிக்காகவே பணம் கட்டினேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் மனைவி சைவம். காய்கறி தஜீன் (மூடிய மண்சட்டியில் மெல்ல வேகவைக்கும் குழம்பு) என்று கேட்டால் கொண்டுவருவார்கள். ஆனால் இறைச்சி வெந்த சாற்றில் காயைப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் போதாது, 'தனிச் சட்டியில் செய்யுங்கள்' என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னோம், தனிச் சட்டி வைத்தார்கள். கிளம்பும் நாள் கிராமத்து வீட்டில் அவர்கள் அம்மா மெத்ஃபூனா சுட்டுக் கொடுத்தார். வழக்கமாக இறைச்சி அடைத்துச் சுடும் ரொட்டி அது. எங்களுக்காக வெங்காயம், பாதாம், சீரகம் வைத்திருந்தார். சூட்டோடு பிய்த்தால் உள்ளிருந்து வந்த வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

டீயும் அப்படித்தான். சீனத்துப் பச்சைத் தேயிலை, கைநிறையப் புதினா, வெல்லக்கட்டி அளவுக்குச் சர்க்கரை. முதல் தம்ளரை ஊற்றி, மறுபடி கெண்டியிலேயே கொட்டிக் கலக்கிவிட்டு, அப்புறம் உயரத் தூக்கி நுரை பொங்க ஊற்றுகிறார்கள். நம் ஊர் டீ மாஸ்டர் ஆற்றுகிற அதே லாவகம்.

ஒட்டகச் சவாரி ஒன்றேகால் மணி நேரம். முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்க: ஒட்டகம் பின்னங்காலைத்தான் முதலில் ஊன்றி எழும், ஆள் முன்னால் சாய்வோம். சரிவில் இறங்கும்போது தொடை பிடித்துக்கொள்ளும். பாதி வழியில் என் மனைவி இறங்கி நடந்தாள். தம்பி ஒரு வார்த்தை சொல்லாமல் ஒட்டகத்தின் நடையை அவளுக்கேற்பக் குறைத்தார்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். முதல் இரவு வந்த மற்றவர்கள் காலையில் போய்விட்டார்கள். பகலில் அண்ணனோடு பெரிய மேட்டின் முகட்டில் ஏறினோம். எர்க் ஷெப்பி என்ற இந்த மணற்பரப்பின் மேடுகள் 150 மீட்டர் வரை உயரும். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். மேலிருந்து கிழக்கே கறுத்த சமவெளி தெரிந்தது. அதற்கப்பால் அல்ஜீரியா. "என் தாத்தா அந்தப் பக்கமும் ஆடு மேய்த்தவர்" என்றார். எல்லை 1994 முதல் மூடிக்கிடக்கிறது. அத்தோடு மழையும் பொய்த்ததால் மந்தையை விற்றுவிட்டுக் கிராமத்தில் வீடு கட்டினார்களாம்.

முதல் இரவு வழக்கப்படி தீ மூட்டி மேளம் அடித்தார்கள். அது விருந்தாளிகளுக்காக. இரண்டாம் இரவு மேளம் இல்லை. மணலில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். நேர் மேலே கார்த்திகைக் கூட்டம். எங்கள் ஊரில் இந்த மாதத்துக்கே இந்த நட்சத்திரத்தின் பெயர்தான் என்றேன். அண்ணன் அதை அரபியில் 'துரய்யா' என்று காட்டினார், பிறகு ஒவ்வொன்றாக எண்ணினார். அவர் ஏழு என்றார், எனக்கு ஆறுதான் தெரிந்தது.

குறைகளும் உண்டு. கழிப்பறை கூடாரங்களிலிருந்து தள்ளி இருக்கிறது, இரவில் டார்ச் அவசியம். காகிதம்தான் வைத்திருப்பார்கள், ஒரு கெண்டித் தண்ணீர் கேளுங்கள், தயங்காமல் தருவார்கள். நவம்பர் கடைசியில் இரவு எட்டு டிகிரிக்கு இறங்கியது. கம்பளி கனமானதுதான், ஆனால் மணல் நிறைய. மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் வந்தது.

ஆளுக்கு ஓர் இரவுக்கு 600 திர்ஹம், ஒட்டகமும் இரு வேளைச் சாப்பாடும் சேர்த்து. ரொக்கமாக அண்ணன் கையிலேயே கொடுத்தோம். போவதென்றால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்லது. வசந்தத்தில் மணற்காற்று வரும், கோடையில் 45 டிகிரியையும் தாண்டும். மராகேஷிலிருந்து சூப்ராதூர் பேருந்தில் பகல் முழுக்க உட்கார வேண்டும். வழியில் வர்ஸாஸாத்தில் ஓர் இரவு தங்கிவிட்டால் முதுகு தப்பும். நாங்கள் அப்படித்தான் போனோம்.