வறண்ட ஏரியும் டார்வின் கோரும்: பத்து வருடத்துக்கு மேலான அனுபவம்

எங்கள் ஊர் ஏரியில் 2012 முதல் மாதந்தோறும் இரண்டாவது ஞாயிறு காலை நீர்ப்பறவைகளை எண்ணுகிறோம். 2014-ல் அந்தக் கணக்கை ஜிபிஐஎஃப் தளத்தில் (உலகெங்குமுள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டி யாருக்கும் திறந்துவைக்கும் இணையதளம்) ஏற்றினோம். அங்கே தனியாள் நேரடியாக வெளியிட முடியாது, பொறுப்பேற்க ஒரு நிறுவனம் வேண்டும். பக்கத்துக் கல்லூரி ஒன்று கைகொடுத்தது. அன்றிலிருந்து அந்தத் தளம் பயன்படுத்தும் டார்வின் கோரோடுதான் குடித்தனம்.

டார்வின் கோர் மென்பொருள் இல்லை. உயிரினப் பதிவுகளுக்கான பொதுச் சொற்பட்டியல். 2009-ல் தரநிலையாக ஏற்கப்பட்டது. நான் 'தேதி' என்றும் நீங்கள் 'பார்த்த நாள்' என்றும் தலைப்பிட்டதை இரண்டு பேரும் 'ஈவன்ட்டேட்' என்று மாற்றிவிட்டால் இரண்டு கோப்பும் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்.

தலைப்புகளை மாற்ற ஒரு மாலை போதும். தேதிகள்தான் இரண்டு வாரம் தின்றன. குழுவில் ஒருவர் மாதத்தை முதலில் எழுதும் பழக்கக்காரர். 09/08/2013 என்று ஒரு வரி. ஆகஸ்ட் 9 வெள்ளிக்கிழமை. செப்டம்பர் 8 ஞாயிறு. நாள்காட்டி காப்பாற்றியது. இப்போது தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 8601 சொல்கிறபடி 2013-09-08 என்று மட்டும்தான் எழுதுகிறோம்.

உண்மையான அடி 2017-ல். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. ஜனவரி 8 அன்று போனால் ஏரிக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டிருந்தார்கள். ஒரு நீர்ப்பறவைகூட இல்லை. நாங்கள் பின்பற்றிய 'ஆக்கரன்ஸ்' வடிவத்தில் பார்த்த இனத்துக்கு ஒரு வரி; பறவை இல்லையென்றால் வரியும் இல்லை. மறு வருடம் ஒரு ஆய்வு மாணவி கேட்டாள்: "சார், அந்த ஜனவரி நீங்க போகலையா?" கோப்பு அப்படித்தான் சொன்னது. பத்து வருடத்தில் எங்களிடம் இருந்த மிக முக்கியமான தகவல் அந்தப் பூஜ்யம். அதைத்தான் தொலைத்திருந்தோம்.

அப்புறம் 'ஈவன்ட்' வடிவத்துக்கு மாறினோம். ஒவ்வொரு முறை போவதும் ஒரு வரி, பறவைகள் அதற்குக் கீழே. இனம் இல்லாததையும் 'ஆப்சென்ட்' என்று பதியலாம். பழைய வடிவத்தில் கட்டாயம் நான்கே: அடையாள எண், பதிவின் வகை, அறிவியல் பெயர், தேதி. இதிலோ எப்படி எண்ணினீர்கள், எவ்வளவு நேரம் அல்லது எவ்வளவு பரப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலை அதிகம்தான். ஆனால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் எண்ணுகிறவர்கள் முதல் நாளே இதைத் தேர்ந்தெடுங்கள்.

மெட்டாடேட்டாவில் (தரவைப் பற்றிய விவரக்குறிப்பு) செய்முறை விளக்கத்துக்கு ஒரு பெட்டி உண்டு. பலர் அதில் இரண்டு வரி போட்டுவிட்டு நகர்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். 2015-ல் டெலஸ்கோப் வாங்கியதும் வாத்துகளின் எண்ணிக்கை திடீரென எகிறியது. வாத்து பெருகவில்லை, எங்கள் கண்தான் நீண்டது. அந்த வரி இப்போது பெட்டியில் இருக்கிறது.

அறிவியல் பெயர் மாற்றங்கள் தலைவலிதான். உண்ணிக்கொக்கு முன்பு புபுல்கஸ் ஐபிஸ், பிறகு சில பட்டியல்களில் புபுல்கஸ் கோரமாண்டஸ் (நம் சோழமண்டலம்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது). பார்த்தபோது எழுதிய பெயரை நாங்கள் தொடுவதில்லை. தமிழ்ப் பெயருக்கும் தனி நெடுவரிசை உண்டு, நிரப்புகிறோம்.

தரவை இறக்குபவருக்கு ஒரு டிஓஐ (அந்தத் தரவைக் குறிக்கும் நிலையான இணைய அடையாளம்) கிடைக்கிறது. அதைக் கட்டுரையில் மேற்கோள் காட்டினால் எங்கள் ஏரி எங்கே பயன்பட்டது என்று தெரிந்துவிடும்.

2012, 2013 நோட்டுகளில் எவ்வளவு நேரம் எண்ணினோம் என்று குறிக்கவில்லை. இரண்டு மணி நேரம் இருக்கும் என்கிறார் ஒருவர், மூன்று என்கிறார் இன்னொருவர். அந்த இரண்டு வருடத்தை மட்டும் இன்னும் பழைய வடிவத்திலேயே விட்டு வைத்திருக்கிறோம்.